அமானிதத்தைப் படியெடுங்கள், பிறகு கணினியைப் புதுப்பியுங்கள்

 

நம் வீடுகளில் உள்ள கணினிகளுள் பல ஒரு பெரிய மாற்றத்தின் வாசலில் நிற்கின்றன. 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழங்கப்பட்டு வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்தப்பட்டன. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. ஆகவே, இன்றோ நாளையோ, விண்டோஸ் 11-க்கு மாறும் வேலை பல குடும்பங்களுக்கு வரவே செய்யும். அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை யாவை என்பதே இம்மாதச் சிந்தனை.

“இருப்பது நன்றாகத்தானே ஓடுகிறது, மாற்றுவானேன்?” என்று கேட்போர் உண்டு. 2017 மே மாதத்தில் ‘வான்னகிரை’ என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவி, கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்துவிட்டது. அதை நிறுவாமல் விட்டவர்களே பெரிதும் சிக்கினர். திருத்தம் பெறாத கணினி, தாழ்ப்பாள் கழன்ற கதவைப் போன்றது.

ஆயினும் அவசரமும் ஆபத்தே. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10-இன் பெரிய புதுப்பிப்பு ஒன்று, சிலருடைய கணினிகளில் அவர்களின் சொந்த ஆவணங்களையே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதன் வெளியீடு நிறுத்தப்பட்டு, திருத்தப்பட்டு, நவம்பரில்தான் மீண்டும் வந்தது. இயங்குதளம் திரும்பவும் வந்தது. படியெடுத்து வைக்காதவர்களுள் பலருக்குக் கோப்புகள் வரவில்லை.

என் தவறு ஒன்றையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். என் பாட்டியார், தம் தந்தையார் சைகோனில் கடை வைத்திருந்த நாட்களை விவரிக்க, அதை ஒலிப்பதிவு செய்து வீட்டுக் கணினியில் வைத்திருந்தேன். பின்னொரு நாள் புதிய இயங்குதளம் நிறுவ முற்பட்டு, திரையில் கண்ட அனைத்தையும் பென் டிரைவில் படியெடுத்தேன். வட்டு முழுவதையும் துடைத்துவிட்டு நிறுவினேன். நான் எடுத்தவை கோப்புகள் அல்ல, கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் குறுக்குவழிச் சின்னங்கள் மட்டுமே என்பது பிறகுதான் தெரிந்தது. முகவரியை எழுதி வைத்துக்கொண்டு வீட்டை இடித்தவன் நிலைதான் எனக்கும். பாட்டியார் அதற்கு முந்தைய ஆண்டே வஃபாத்தாகிவிட்டார்கள். அந்தக் குரல் இன்று எங்கும் இல்லை.

புதுச்சேரியில் இத்தகைய செல்வம் இல்லாத வீடு அரிது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இவ்வூர் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள மக்களுக்கு ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அந்தக் காலப் பிறப்பு, திருமணச் சான்றுகளும், பாட்டனார் இந்தோசீனாவிலிருந்து எழுதிய கடிதங்களும், நிக்காஹ் நிழற்படங்களும் இன்று முல்லா வீதி வீடுகளிலும் பிற தெருக்களிலும் படிமங்களாகக் கணினிக்குள் உறங்குகின்றன. அவை நமக்கு மட்டும் சொந்தமல்ல; நம் பேரப்பிள்ளைகளின் அமானிதம்.

ஒட்டகத்தைக் கட்டிவைத்து, பின் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் உள்ளது. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தோர் பலர் ஷஹீதானதைக் கண்டு, உமர் (ரலி) அவர்கள் எடுத்துரைக்க, கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு இறைவேதத்தை ஒன்றாகத் தொகுக்கச் செய்தார்கள். அத்தொகுப்பு ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் பாதுகாக்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்கள் அதிலிருந்து படிகள் எடுத்துப் பல நகரங்களுக்கு அனுப்பினார்கள். இறைவேதத்தோடு நம் ஏடுகளை ஒப்பிடுவதற்கில்லை. ஆயினும், கவனமாகச் சரிபார்த்தல், படியெடுத்தல், வெவ்வேறு இடங்களில் வைத்தல் என்னும் ஒழுங்கை நாம் அங்கிருந்து கற்கலாம்.

இனிச் செயலுக்கு வருவோம்.

முதலாவதாக, குடும்பத்தார் அனைவரும் ஒரு மாலை கூடி அமர்ந்து, எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் எழுதுங்கள். மகளின் பாடக்குறிப்பும் உம்மாவின் மருத்துவ அறிக்கையும் உங்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கலாம்.

இரண்டாவதாக, இரண்டு படிகள் எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும்; மற்றொன்றை உறவினர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, இங்கு ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் புகும் வீட்டில் கணினியும் படியும் ஒன்றாகவே நனையும்.

மூன்றாவதாக, அந்தப் படியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். படத்தைப் பாருங்கள், குரலைக் கேளுங்கள். திறந்து பார்க்காத படி, படியே அன்று. நான் தவறியது இங்குதான்.

நான்காவதாக, பழைய தமிழ்க் கோப்புகளில் கவனம் வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கடிதங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். ஆகவே எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் படியெடுங்கள், கடிதங்களை பி.டி.எஃப். வடிவிலும் சேமியுங்கள், இயன்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

ஐந்தாவதாக, கடவுச்சொற்களைத் தாளில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள். வட்டு ‘பிட்லாக்கர்’ முறையில் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றத்திற்குப் பின் கணினி அதைக் கேட்கக்கூடும். எண் இல்லையேல் உங்கள் வட்டு உங்களுக்கே திறக்காது.

ஆறாவதாக, மின்தடைக்கு இடமளிக்காதீர்கள். மடிக்கணினியை மின்னிணைப்பில் வையுங்கள். மேசைக் கணினிக்கு யு.பி.எஸ். வேண்டும். மழை மிரட்டும் நாளில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம்.

உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்பதையும் முன்னரே பாருங்கள். 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி ஆகியன வேண்டும். 2017-க்கு முன் செய்யப்பட்டவை பொதுவாகத் தேறுவதில்லை. அதற்காக அதைத் தூக்கி எறிவது வீண்விரயம். லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவினால், பிள்ளைகளின் படிப்புக்கு அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். பிறருக்குக் கொடுப்பதாயின், வட்டை முற்றாகத் துடைத்த பின்பே கொடுங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அந்நியர் கைக்குப் போவதை எவர் பொறுப்பார்?

இவை அனைத்துக்கும் ஒரு விடுமுறை நாள் போதும். இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவலாம். வாப்பாவின் கையெழுத்தையும் பாட்டியாரின் குரலையும் எந்த நிறுவனமும் திரும்பத் தர இயலாது. ஒட்டகத்தைக் கட்டுவோம்; பிறகு பொறுப்பை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம். நம்மிடம் விடப்பட்ட அமானிதங்களைப் பேணிக் காக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.