படம் இருக்கிறது, பெயர் எங்கே?

பத்திரிகையைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்க்கிறீர்கள்?

பலரும் பார்ப்பது கேலிச் சித்திரத்தைத்தான். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் அது புரியும். பாட்டியும் சிரிப்பாள், பேரனும் சிரிப்பான். யாரைக் கேலி செய்திருக்கிறதோ, அவர் மட்டும் சிரிக்கமாட்டார்!

அப்படி ஒரு படத்தால் 2025-ம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில் பரபரப்பு ஏற்பட்டது. படத்தை வரைந்தவர் ஒரு பெண். பெயர் ஆன் டெல்னேஸ். "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகையில் வேலை.

பெரும் பணக்காரர்கள் டிரம்ப்பின் சிலைக்கு முன் மண்டியிட்டுப் பண மூட்டையை நீட்டுகிறார்கள். இதுதான் படம். அந்தப் பணக்காரர்களில் ஒருவர், அதே பத்திரிகையின் முதலாளி ஜெப் பெசோஸ்!

படம் அச்சேறவில்லை. இதே விஷயம் பற்றி ஏற்கனவே கட்டுரை வந்துவிட்டதால்தான் நிறுத்தியதாக ஆசிரியர் சொன்னார். டெல்னேஸ் அதை ஏற்கவில்லை. வேலையை விட்டு விலகினார். அடுத்த மே மாதத்தில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2001-லும் அந்தப் பரிசை வாங்கியவர் அவர்.

அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனால், அவருக்கு முன்னால் படம் போட்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா?

ஓட்டு இல்லை, படம் உண்டு!

1860-களில் லண்டனில் "ஜூடி" என்ற நகைச்சுவைப் பத்திரிகை தொடங்கியது. அதில் "ஆலி ஸ்லோப்பர்" என்ற சோம்பேறிக் கதாபாத்திரம் ஊரையே சிரிக்க வைத்தது. அந்தப் படங்களில் பலவற்றை வரைந்தவர் மேரி டுவால் என்ற பெண். ஆனால், பாத்திரத்தை உருவாக்கிய சார்லஸ் ராஸ் என்பவருக்கே நெடுங்காலம் பெருமை முழுவதும் போய்ச் சேர்ந்தது.

1915-ல் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், எட்வினா டம் என்ற இளம்பெண் "மானிட்டர்" பத்திரிகையில் அரசியல் படம் போடும் வேலையில் சேர்ந்தார். அப்போது அமெரிக்கப் பெண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை கிடையாது. அது 1920-ல்தான் வந்தது. அரசியல்வாதிகளைப் படத்தில் விமர்சிக்கலாம். ஓட்டுப் பெட்டியின் பக்கம் போக முடியாது!

பத்திரிகை மூடப்பட்டதும் எட்வினா நியூயார்க் போனார். அங்கே அவர் புகழ் பெற்றது அரசியல் படத்தால் அல்ல. ஒரு சிறுவனும் நாயும் வரும் சித்திரக் கதையால்!

டாலியா, "டேல்" ஆனாள்

இன்னொரு பெண் டாலியா மெஸ்ஸிக். பெண் பெயரைப் பார்த்தாலே பத்திரிகைக்காரர்கள் ஒதுக்கினார்கள். எனவே, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி "டேல்" என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

அவருடைய படக்கதை ஒன்று பத்திரிகை அலுவலகத்தில் தள்ளுபடியானது. அங்கே வேலை பார்த்த மோலி ஸ்லாட் என்ற பெண் அதை எடுத்துப் பார்த்தார். கதாநாயகி கொள்ளைக்காரியாக இருந்தாள். "நிருபராக மாற்று" என்று யோசனை சொன்னார்.

1940-ல் "பிரெண்டா ஸ்டார்" பிறந்தாள். 2011 வரை, 70 ஆண்டுகள் பத்திரிகைகளில் உலா வந்தாள்!

திறமை டாலியாவிடம் முன்பே இருந்தது. கதவைத் திறக்க உள்ளே ஒருவர் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நம் நாட்டில்

பெங்களூரில் மாயா காமத் என்ற பெண் இருந்தார். முதலில் குடும்ப வாழ்க்கையைப் படக்கதையாக வரைந்தார். பிறகு துணிந்து அரசியலுக்கு வந்தார். 2001-ல் 50 வயதிலேயே காலமானார்.

பத்திரிகைப் படத்தின் ஆயுள் ஒரு நாள். மறுநாள் அது கடையில் பொட்டலமாகிவிடும். மாயாவின் படங்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. மும்பையில் உள்ள "ஸ்பாரோ" என்ற பெண்கள் ஆவணக் காப்பகம் அவற்றை வாங்கிப் பாதுகாத்தது. 1988-ல் அந்தக் காப்பகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் நம் தமிழ் எழுத்தாளர் அம்பை!

இன்னும் மாறவில்லையா?

புலிட்சர் நிறுவனம் அரசியல் கேலிச் சித்திரத்துக்கு 1922 முதல் பரிசு கொடுத்தது. முதன்முதலாக ஒரு பெண் அதை வாங்கியது 1992-ல்! சிக்னே வில்கின்சன் என்பவர் அவர்.

2016-ல் பிரான்சின் அங்குலேம் சித்திரக்கதை விழாவில், பெரும் பரிசுக்கு 30 பெயர் கொண்ட பட்டியல் வந்தது. அதில் ஒரு பெண்கூட இல்லை. பட்டியலில் இருந்த ஆண்களே பலர், "எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றார்கள். பட்டியலே கைவிடப்பட்டது.

பெண்ணுக்குப் படம் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வாசலில் கோலம் போடுவது யார்? குறை கையில் இல்லை. பெயரைப் போடாததும், படத்தைப் பாதுகாக்காததுமே குறை.

இனி ஒரு கேலிச் சித்திரத்தைப் பார்த்துச் சிரித்தால், மூலையில் உள்ள கையெழுத்தையும் படியுங்கள். உங்கள் மகள் நோட்டுப் புத்தகத்தில் வாத்தியாரைக் கேலியாக வரைந்திருந்தால், உடனே திட்டாதீர்கள்.

"கீழே உன் பெயரை எழுது, அம்மா" என்று சொல்லுங்கள்!