மாப்பிள்ளை சுவாமி வரும் வழி

மாசி பிறந்துவிட்டால் கீழைச் சோழநாட்டின் கடைமடைக்கு ஒரு தனி அழகு வந்து சேரும். சம்பா அறுவடை முடிந்து, நெல்லின் தாள் மட்டும் நிற்கும் வயல்களில் உளுந்தும் பயறும் பச்சைப் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கும். விடியற்காலையில் வரப்புகளின்மேல் பனி படிந்திருக்கும். வாய்க்காலில் எஞ்சிய நீரில் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும். கிழக்கிலிருந்து வரும் காற்றில் உப்பின் வாசம் கலந்திருக்கும். அந்த வாசத்தை நோக்கித்தான் மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்து எம்பெருமான் எழுந்தருளுகிறார்.

சென்ற வாரம் காரைக்காலை அடுத்த போலகத்திலிருந்து ஓர் அம்மையார் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். வயது எழுபத்தெட்டு. மணமாகி அவ்வூருக்கு வந்த நாள் முதல், ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சௌரிராஜப் பெருமாளின் பின்னே கடற்கரை வரை நடந்து சென்றவர். கணவர் காலமான ஆண்டிலும் தீட்டு நீங்கியபின் நடந்ததாக எழுதுகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முழங்கால் தேய்ந்துவிட்டது. மருத்துவர் நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். “மகன் காரில் அழைத்துப் போகிறேன் என்கிறான். காரில் போய் இறங்கினால் அது யாத்திரை ஆகுமா? நேர்ந்துகொண்டதை முடிக்காமல் போகிறேனே, பெருமாள் கோபிப்பாரா?” என்று கேட்டிருக்கிறார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. இதை வாசிக்கும் பலருடைய நெஞ்சிலும் இருப்பது. ஆகவே இவ்வாரம் அந்த வழியைப் பற்றியும், அவ்வழியில் நடக்க இயலாதவரைப் பற்றியும் சிறிது சிந்திப்போம்.

திருக்கண்ணபுரம் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. பஞ்ச கிருஷ்ண க்ஷேத்திரங்களுள் ஒன்றாகவும் போற்றப்படுவது. மூலவர் நீலமேகப் பெருமாள்; உற்சவர் சௌரிராஜப் பெருமாள். பெரியாழ்வாரும் ஆண்டாளும் குலசேகராழ்வாரும் நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். இங்கே உற்சவருடன் ஸ்ரீதேவி, பூதேவி, ஆண்டாள் ஆகிய மூவரோடு பத்மினி நாச்சியாரும் எழுந்தருளியிருப்பதைச் சேவித்தவர்கள் அறிவார்கள். பத்மினி நாச்சியார் பரதவர் குலத்தலைவர் ஒருவரின் திருமகளாய்த் தோன்றி எம்பெருமானைக் கைப்பிடித்தவர் என்பது தலவரலாறு.

அந்த உறவை மறவாமல் மாசி மகத்தன்று பெருமாள் தம் மாமனார் வீட்டுக்குப் புறப்படுகிறார். கிழக்கே திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரை வரை 15 கிலோமீட்டருக்குக் குறையாத வழி. திருப்புகலூரும் திருமருகலும் திருச்செங்காட்டங்குடியும் சூழ்ந்த நாட்டுப்புறம் அது. ஒரு புறம் திருநாவுக்கரசர் திருவடி சேர்ந்த தலம். ஒரு புறம் அரவு தீண்டிய வணிகனைத் திருஞானசம்பந்தர் உயிர்ப்பித்த தலம். ஒரு புறம் சிறுத்தொண்டர் வாழ்ந்த தலம். இத்தனைக்கும் நடுவே காவிரியின் கிளையாறுகள் தம் பயணத்தின் கடைசி காதத்தை மெல்லக் கடந்து, உவர்நிலத்தையும் கழியையும் தாண்டிக் கடலைச் சேர்கின்றன. ஆறு போகும் திசையிலேயே ஆண்டவனும் போகிறான்.

இவ்வழிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. 1739ஆம் ஆண்டு காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. அதன்பின் மேற்கே தஞ்சை மண்டலம் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் சென்றது. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காரைக்கால் இந்தியாவுடன் இணையும்வரை, இவ்வழியின் ஒரு முனை ஓர் அரசிலும் மறுமுனை வேறோர் அரசிலும் இருந்தன. இன்றும் ஒரு முனை தமிழ்நாடு, மறுமுனை புதுச்சேரி ஒன்றியப் பகுதி. மனிதர் கிழித்த கோடுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாமனார் வீடும் மாப்பிள்ளையும் மாறவில்லை.

கடற்கரையை அணுகும்போது பட்டினச்சேரி மீனவ மக்கள் எதிர்கொண்டு வரும் காட்சியைக் கண்டவர் மறவார். அங்கே அவர் உலகளந்த பெருமானாக மட்டும் வருவதில்லை; வீட்டு மாப்பிள்ளையாக வருகிறார். “மாப்பிள்ளை சுவாமி! மாப்பிள்ளை சுவாமி!” என்று அவர்கள் எழுப்பும் குரல் அலையோசைக்கும் மேலாக எழும். தோளில் சுமக்கும் உரிமை தங்களுடையது என்று இளைஞர்கள் முந்துவார்கள். காரைக்கால் நித்திய கல்யாணப் பெருமாள், நிரவி கரியமாணிக்கப் பெருமாள் முதலிய சுற்றுத் தலங்களின் பெருமாள்களும் எழுந்தருள, கடலில் தீர்த்தவாரி நடைபெறும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இந்தக் கரையோரக் குப்பங்கள் பட்ட துயரை நாம் அறிவோம். உறவுகளை எடுத்துக்கொண்ட அதே கடலின் முன் நின்று, “எங்கள் மாப்பிள்ளை வந்துவிட்டார்” என்று மகிழ்கிற நெஞ்சம் எத்தகைய பக்தி உடையது!

ஆனால் அவ்வழி முன்போல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். போலகத்து அம்மையார் தம் கடிதத்தில் இதையும் குறித்திருக்கிறார். “முன்பு புளிய மர நிழலிலேயே நடப்போம். சுமைதாங்கிக் கல்லில் மூட்டையை இறக்கி வைப்போம். வீட்டுக்கு வீடு பானகமும் நீர்மோரும் தருவார்கள். இப்போது மரமும் இல்லை, கல்லும் இல்லை, பின்னாலிருந்து லாரி ஒலி எழுப்புகிறது” என்கிறார். அவர் சொல்வதில் மிகையில்லை. சாலை அகலமாகும்போது முதலில் போவது மரம். நெல் விளைந்த நிலம் சில இடங்களில் இறால் குட்டையாகிறது. அதன் உப்பு அடுத்த வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் பரவுகிறது. திருமஞ்சனத்துக்கு நீர் தந்த குளங்கள் தூர்கின்றன. சுவாமி எழுந்தருளும் வழியைக் காப்பதும் கோயில் திருப்பணியே என்பதை நாம் மறந்துவிட்டோம். அப்பர் பெருமான் கையில் உழவாரம் ஏந்தியது எதற்காக? அடியார் கால் வைக்கும் இடத்தில் முள்ளும் புல்லும் இருக்கக் கூடாது என்பதற்காக அல்லவா?

இனி, அம்மையாரின் கேள்விக்கு வருவோம்.

அப்பர் பெருமான் கயிலையைக் காணும் ஆசையால் வடதிசை நோக்கி நடந்தார். முதுமை. பாதங்கள் தேய்ந்தன. கைகளால் தவழ்ந்தார், கைகளும் தேய்ந்தன. மார்பால் ஊர்ந்தார், அதுவும் இயலாதபோது உருண்டார். அதற்குமேல் உடல் அசையவில்லை. அப்போது இறைவன் முனிவராய் வந்து, திரும்பிப் போகச் சொன்னான். அப்பர் மறுத்தார். பின்னர் அசரீரி எழுந்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்லிற்று. மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றில். அங்கே கண்டது கயிலைக் காட்சி. அன்பர்களே, அப்பர் கயிலைக்கு நடந்து போய்ச் சேரவில்லை. அவருடைய யாத்திரை பாதியில் நின்றது. ஆயினும் அது நிறைவேறாத யாத்திரை என்று யாரேனும் சொல்வாரா? கால் நின்ற இடத்திலிருந்து அருள் நடந்தது.

காரைக்கால் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். போலகத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஊரில் புனிதவதியாய்ப் பிறந்தவர். இறைவன் உறையும் கயிலையைக் காலால் மிதிக்கலாகாது என்று தலையால் நடந்தார். அவரை இறைவன் “அம்மையே” என்று அழைத்தான். நடப்பதற்குக் கால்தான் வேண்டும் என்பது நம் எண்ணம். பணிவே வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

திருக்கண்ணபுரத்திலேயே ஒரு சான்று உண்டு. முனையதரையர் என்னும் அடியார் இரவில் நெடுநேரம் கழித்து இல்லம் திரும்பினார். கோயில் நடை சாத்தியாயிற்று. வீட்டில் செய்த பொங்கலை இருந்த இடத்திலிருந்தே மனத்தால் பெருமாளுக்குப் படைத்தார். அப்பொங்கல் கருவறையில் இருந்ததைப் பின்னர் கண்டார்கள். முனியோதரன் பொங்கல் என்று இன்றும் அத்தலத்தில் அர்த்தசாமத்தில் நிவேதிக்கப்படுவது அந்நிகழ்ச்சியின் நினைவாகத்தான். கோயிலுக்கு வர இயலாதவன் மனத்தால் படைத்ததை ஏற்றுக்கொண்ட பெருமாள், சாலையோரம் வந்து அமர்ந்திருக்கும் மூதாட்டியின்மேலா கோபிப்பார்?

நம்மாழ்வாரும் இத்தலத்துப் பதிகத்தில், தன்னைச் சரண் அடைந்தவர்க்கெல்லாம் இவனே சரணாவான் என்றும், உயிர் பிரியும் வேளையில் வைகுந்தம் அளிப்பான் என்றும் உறுதி கூறுகிறார். சரண் என்னும் சொல்லுக்கு வயதும் முழங்காலும் தடையில்லை.

இன்னும் ஒன்று. இந்த உற்சவத்தில் உண்மையில் நடப்பவர் யார்? நாம் அல்லோம். கருவறையில் இருந்தபடி அருள் செய்யக்கூடியவர், கோயிலுக்கு வர இயலாத மக்களைத் தேடி வயல்வெளியும் கழியும் கடந்து, ஒரு பகல் முழுவதும் வெயிலில் வருகிறார். நடக்கும் வேலையை அவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். நம் வேலை, வரும் வழியில் காத்திருப்பது. ஆகவே அம்மையாரே, மகனுடைய காரில் தயங்காமல் ஏறுங்கள். கடற்கரைக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்பதில்லை. பெருமாள் எழுந்தருளும் வழியில் நிழலான ஓர் இடத்தில் நாற்காலியிட்டு அமருங்கள். ஒரு குடம் நீர்மோர் வைத்துக்கொள்ளுங்கள். சுமந்து வருகிற பிள்ளைகளுக்கும் பின்னே நடந்து வருகிறவர்களுக்கும் உங்கள் கையால் ஒரு குவளை கொடுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நீங்கள் பிறர் கையால் பெற்றதைத் திருப்பித் தரும் காலம் இது. நேர்த்தி நிறைவேறிற்று என்று கொள்ளுங்கள்.

நடக்கக்கூடிய முதியோருக்கும் ஒரு சொல். விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் நிழலில் அமர்ந்துவிடுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையின் வலப்புறம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடப்பது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுடும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். அவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். கொப்புளம் எழுவதே தெரியாது. மென்மையான காலணி அணிந்து, சுவாமி அருகே வரும்போது கழற்றிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் பிறரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். உடலைப் பேணுவது பக்திக்குக் குறைவன்று. அடுத்த மாசியிலும் சேவிக்க வேண்டுமல்லவா?

பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர் வழியாக எந்தச் சுவாமி எழுந்தருளினாலும், அவ்வழியில் இந்த ஆண்டு ஒரு மரக்கன்று நட்டு, அது வேர் பிடிக்கும்வரை நீர் ஊற்றுங்கள். புங்கனாகட்டும், வேம்பாகட்டும். உவர் மண்ணுக்குப் புங்கன் நன்றாகத் தாங்கும். இன்னும் சில ஆண்டுகளில் யாரோ ஒரு மூதாட்டி அதன் நிழலில் அமர்ந்து “மாப்பிள்ளை சுவாமி” வருகிறாரா என்று மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உங்கள் தாயாகவும் இருக்கலாம்.