ஒரே மாதிரி இரண்டு கல்லூரிகள்: எதை வைத்து முடிவு செய்வது?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர். இன்று அவர் மகளே கல்லூரிக்குப் போகும் வயது. அந்தப் பெண்ணுக்கு அமெரிக்காவில் இரண்டு இடங்களில் அனுமதி வந்திருக்கிறது. ஒன்று அயோவா மாநிலத்தில் உள்ள கிரினெல் கல்லூரி. இன்னொன்று மினசோட்டாவில் உள்ள மெக்காலஸ்டர் கல்லூரி. மே 1ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். "ரேங்க் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதில் சேர்த்துவிடட்டுமா சார்?" என்று கேட்டார். இதே குழப்பத்தில் வேறு சில பெற்றோரும் இருப்பீர்கள். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

இவை இரண்டும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள். நம் ஊரில் சேரும்போதே பி.எஸ்சி. வேதியியல், பி.காம். என்று துறையைச் சொல்லிவிட வேண்டும். அங்கே முதலில் பல பாடங்களைப் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு மேஜர் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கியவை. இரண்டிலும் ஏறக்குறைய 2,000 மாணவர்கள்தான். இன்டெல் நிறுவனர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் கிரினெலில் படித்தவர். ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் மெக்காலஸ்டரில் படித்தவர். தரத்தில் எது தாழ்ந்தது என்று சொல்வீர்கள்?

ரேங்க் பற்றி ஒரு வார்த்தை. 35 ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். 96 வாங்கிய பிள்ளைக்கும் 94 வாங்கிய பிள்ளைக்கும் அறிவில் வித்தியாசம் இல்லை என்பது திருத்துகிறவனுக்குத் தெரியும். கல்லூரிப் பட்டியலும் அப்படித்தான். யு.எஸ். நியூஸ் பட்டியலில் 20 சதவீத மதிப்பெண், மற்ற கல்லூரிகளின் தலைவர்களும் நிர்வாகிகளும் சொல்லும் அபிப்பிராயத்துக்குப் போகிறது. நம் பிள்ளை டிசம்பர் விடுமுறையில் எங்கே தங்கும் என்பதற்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

ஆகவே பட்டியலை மூடி வைத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது பணம். முதல் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், நான்கு ஆண்டுக்கும் போடுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு கல்லூரியில் ஆண்டுச் செலவு 85,000 டாலர், உதவித்தொகை 65,000, நீங்கள் கட்டுவது 20,000. இன்னொன்றில் நீங்கள் கட்டுவது 22,000. முதலாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆண்டுக்கு 4 சதவீதம் கட்டணம் ஏறுகிறது என்று வையுங்கள். முதல் கல்லூரியின் உதவித்தொகை 65,000த்திலேயே நின்றுவிட்டால், நான்காம் ஆண்டில் நீங்கள் கட்டுவது 30,613. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 1,00,949. இரண்டாவது கல்லூரியில் உதவித்தொகையும் அதே அளவு ஏறினால் மொத்தம் 93,422தான். மலிவாகத் தெரிந்தது 7,500 டாலர் கூடுதலாகிவிட்டது! டாலர் மதிப்பு ஏறினால் அது தனி.

அதனால் இரண்டு கல்லூரிக்கும் மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் கேளுங்கள். கட்டணம் ஏறும்போது உதவித்தொகையும் ஏறுமா? கொடுப்பதில் திருப்பித் தர வேண்டாதது எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளை வேலை செய்து சம்பாதிக்க வேண்டியது எவ்வளவு? மருத்துவக் காப்பீடு இதில் அடக்கமா? எஃப்-1 விசாவில் உள்ளவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டை அடமானம் வைக்கக் கூடாது.

இரண்டாவது, வகுப்பு இல்லாத நாட்கள். அமெரிக்கப் பிள்ளைகள் லீவு விட்டால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நம் பிள்ளை எங்கே போகும்? விடுதி திறந்திருக்குமா, அதற்குத் தனிக் கட்டணமா, உணவுக்கூடம் நடக்குமா என்று கேளுங்கள். மெக்காலஸ்டரில் முதல் இரண்டு ஆண்டுகள் வளாகத்தில் தங்கியாக வேண்டும். அதற்குப் பிறகு வெளியே வீடு எடுப்பதானால் வாடகை, சமையல் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, பிள்ளையின் சுபாவம். கிரினெல், பத்தாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். பெரிய நகரமான டி மொய்னுக்குக் காரில் ஒரு மணி நேரம். மெக்காலஸ்டர், மாநிலத் தலைநகரான செயின்ட் பாலுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் மினியாபொலிஸ் நகரம், பேருந்து, ரயில், விமான நிலையம். பாட அமைப்பும் வேறு. கிரினெலில் முதலாண்டு டுடோரியல் வகுப்பு ஒன்றுதான் எல்லோருக்கும் கட்டாயம். மற்றவை மேஜருக்கு ஏற்ப, வழிகாட்டும் பேராசிரியரோடு பேசி எடுப்பது. மெக்காலஸ்டரில் பல துறைகளிலிருந்தும் பாடம் எடுத்தே தீர வேண்டும். தானாகத் திட்டம் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு முதலாவது. எல்லாத் திசையிலும் கொஞ்சம் தள்ளிவிட்டால் மலர்கிற பிள்ளைக்கு இரண்டாவது. குளிர் இரண்டு ஊரிலும் கடுமைதான். அதில் தேர்வுக்கு இடமில்லை!

மேஜர் பாடம் ஸ்டெம் பிரிவில் வருகிறதா என்றும் பாருங்கள். இன்றைய விதிப்படி, படிப்பு முடிந்ததும் ஓராண்டு அங்கே வேலைப் பயிற்சி பெறலாம். ஸ்டெம் படிப்பானால் மேலும் 24 மாதம். பொருளாதாரத்தைச் சில கல்லூரிகள் ஸ்டெம் பிரிவில் வைத்திருக்கின்றன, சில வைக்கவில்லை.

என் கருத்து இதுதான். நான்கு ஆண்டுக் கணக்கில் பெரிய வித்தியாசம் இருந்தால் குறைந்த செலவுள்ள இடத்துக்கே அனுப்புங்கள். ஒரே தரத்துக்குக் கூடுதல் கடன் வாங்குவதில் பெருமை ஒன்றும் இல்லை. பின்னால் அந்தக் கடன் பிள்ளையின் தலையில்தான் விடியும். வித்தியாசம் சிறிதென்றால் நீங்கள் விலகி நில்லுங்கள். முடிவைப் பிள்ளையிடம் விடுங்கள். அந்தக் குளிரில் நடக்கப் போவது அது. நம் சொந்தக்காரர்கள் இந்த இரண்டு கல்லூரியின் பெயரையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். ஊருக்காகத் தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை.

இன்னொன்று. இரண்டு இடத்திலும் முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்து வைக்காதீர்கள். காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு வீட்டுப் பிள்ளை நிற்கிறது.

அங்கே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கமெண்டில் எழுதுங்கள். நான்கு பேருக்குப் பயன்படும்.