மேஸ்திரிக்குத் தெரியாமல் ஒரு துளி ரத்தம்

யானைக்கால் நோயை 2027க்குள் ஒழித்துவிட வேண்டும் என்பது இந்தியாவின் இலக்கு. கர்நாடகத்தில் யாத்கிர், ராய்ச்சூர், கலபுரகி போன்ற வடக்கு மாவட்டங்களில் பல ஆண்டுகளாக வீடுவீடாக மாத்திரை கொடுத்துவருகிறார்கள். பரவல் நின்றுவிட்டதா என்று அறிய, 6, 7 வயதுக் குழந்தைகளின் விரல்நுனியில் ரத்தம் எடுத்துச் சோதிப்பது வழக்கம். இவ்வளவு சிறிய வயதில் நோயை உண்டாக்கும் புழுவின் தடயம் தென்பட்டால், கொசு இன்னும் நோயைப் பரப்புகிறது என்று பொருள். நல்ல முறைதான். ஆனால், புழுவை அதிகம் சுமப்பவர்கள் பெரியவர்கள். அவர்களிலும் மாத்திரை போட மறுக்கும் ஆண்கள்.

அமெரிக்க சமோவா தீவுகள் 2011இலும் 2015இலும் குழந்தைகளுக்கான இந்தச் சோதனையில் தேறின. 2016இல் தோற்றன. அதே 2016இல் ஒழிப்புச் சான்று பெற்ற இலங்கையிலோ, அதற்கு முன்பே காலி மாவட்டக் கொசுக்களில் புழுவின் மரபணு கிடைத்திருந்தது. அந்த நாடு சான்றோடு நின்றுவிடாமல் கண்காணிப்பைத் தொடர்வது அதனால்தான்.

உலக சுகாதார நிறுவனமும் பாடம் கற்றிருக்கிறது. யாத்கிர் போல மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த இடங்களில், 20 வயதைக் கடந்தவர்களின் ரத்தத்தைப் பார்க்கச் சொல்கிறது. இங்குள்ள புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் இரவு பத்து மணிக்கு மேல்தான் ரத்தத்தில் திரளும். எனவே ஊழியர்கள் ராத்திரியில் கதவைத் தட்டுகிறார்கள். யாத்கிர்க்காரர்களில் எத்தனையோ பேர் அப்போது பெங்களூருவில், கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையில் படுத்திருக்கிறார்கள்!

பெங்களூருவாசிகள் பதற வேண்டியதில்லை. இங்கே சாக்கடைகளில் இந்த நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு பெருகிக் கிடந்தாலும், மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட்டால்தான் நோய் ஒட்டும். நகரத்தைக் காப்பதைவிட முக்கியமானது, இந்த நகரத்தைக் கட்டுகிறவரின் காலைக் காப்பது. வீக்கம் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிணநீர்க் குழாய்கள் பழுதாகத் தொடங்கிவிடும். அப்போதே கண்டறிந்தால் மாத்திரை உதவும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. புழுவின் புரதத்தைக் காட்டும் சோதனை அட்டையைப் பகலிலும் பயன்படுத்தலாம்; பத்து நிமிடத்தில் முடிவு தெரியும். நகரின் ‘நம்ம கிளினிக்’ அரசு மருத்துவ நிலைய ஊழியர்கள் வேலை முடிந்த மாலையில் கொட்டகைகளுக்கே போகட்டும். யாருக்கும் ஒரு நாள் கூலிகூடப் போகக் கூடாது. தொற்று உள்ளவரின் பெயர் மேஸ்திரி காதுக்கு எட்டக் கூடாது. எட்டினால் வேலை போகும், அடுத்த முறை ஒருவரும் விரலை நீட்ட மாட்டார்கள். சோதனை முடிவு அவரவர் சொந்த மாவட்டக் கணக்கில் சேர வேண்டும். அந்த எண்ணிக்கையும் சேராமல் எந்த மாவட்டத்தையும் நோயற்றது என்று அரசு அறிவிக்கக் கூடாது.