மெய்நிகர்க் கண்ணாடி வாங்கத் தகுமா?

கடைகளில் வி.ஆர். ஹெட்செட் என்னும் பெயரால் விற்கப்படும் மெய்நிகர்க் கண்ணாடியை விலைகொடுத்து வாங்கலாமா, ஆகாதா என்று நம் மாணவ நண்பர் சிலர் நம்மை வினவியதுண்டு. வினவினோருள் விடுதிச் செலவிலே மிச்சம் பிடித்துச் சேர்த்தவரும் உளர்; பட்டம் பெற்று வெளியேறி, முதலாண்டுச் சம்பளத்தினின்றும் அதற்கெனத் தனியே எடுத்து வைத்தவரும் உளர். பெற்றோர் கடன்பட்டுப் படிக்க வைக்கும் பிள்ளைகள் பலரைக் கொண்ட கல்லூரியில் இதனை விளையாட்டுப் பேச்சென்று விட்டுவிடலாகாது. ஆதலின் நம் கருத்தை ஒளியாது கூறுகின்றோம். இன்ன வேலைக்கு இது வேண்டும் என்று பெயர் சொல்லக் கூடியவர் வாங்கலாம். அவ்வாறு சொல்ல இயலாதவர் வாங்க வேண்டுவதில்லை. இரவல் பெற்றுக் காண்பதே போதும்.

கருவி வியக்கத் தக்கதென்பதை மறுப்பாரில்லை. அதன் மூலமோ பழமையானது. 1838-ஆம் ஆண்டில் சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி, நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சிறிது வேறுபட்ட இரு தோற்றங்களாகக் காண்கின்றன என்பதையும், அவ்விரண்டையும் மனம் ஒன்றாக இணைக்கும்போது ஆழம் தோன்றுகின்றது என்பதையும் ஸ்டீரியாஸ்கோப் என்னும் கருவியால் மெய்ப்பித்தார். டேவிட் புரூஸ்டர் என்பார் அதனை வில்லைகள் பொருத்திய சிறு பெட்டியாக்கினார். 1851-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் நடந்த பெருங் கண்காட்சியில் விக்டோரியா மகாராணியார் அதனைக் கண்டு மகிழ்ந்தபின், அஃது ஏராளமான வீடுகளிற் புகுந்தது. இன்றைய கண்ணாடியும் அம்மரபினதே. அட்டைப் படத்துக்குப் பதிலாகத் திரை. தலை எப்பக்கம் திரும்புகின்றதென்பதைக் கணந்தோறும் அறியும் உணரிகள். திரும்பிய பக்கத்துக்கேற்பக் காட்சியை மாற்றி வரையும் கணினி. புதிதாகக் கூடியவை இவையே. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஐவன் சதர்லண்ட் தலையிலணியும் இத்தகைய கருவியொன்றைச் செய்தபோது, அதன் பாரம் கருதிக் கூரையினின்றும் தொங்கவிட வேண்டியதாயிற்று. இன்று அது ஏறக்குறைய அரைக்கிலோ எடையில் முகத்தில் அமர்கின்றது.

ஆயினும் வியப்பு வேறு, பயன் வேறு. மலையுச்சியின் விளிம்பில் நிற்பதாகக் காண்பவர்க்குக் கால் நடுங்குகின்றது. கடலடியிலே திமிங்கிலம் அணுகக் கண்டவர் தம்மையறியாமற் பின்வாங்குகின்றார். கடையிற் பத்து நிமிஷம் அணிந்து பார்த்தவர் அந்நடுக்கத்தையே பயனென்று கொண்டு விலைபேசத் தொடங்குகின்றார். நம் நாட்டுத் திருவிழாக்களில் பயாஸ்கோப்புப் பெட்டிக்காரன் வந்த காலத்தே, மக்கள் சில்லறை கொடுத்துத் துளைவழியே தூரதேசத்துக் காட்சிகளைக் கண்டு களித்துப் போயினர். பெட்டியையே விலைக்குக் கேட்டாரைப் பற்றி நாம் கேள்வியுற்றதில்லை.

வாங்கக் கருதுவோர் முதல் நாளை விட்டு மூன்றாம் மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இக்கண்ணாடியை எடுத்தவுடன் படிக்கும் புத்தகம்போற் பயன்படுத்த இயலாது. மின்னேற்றி வைத்தல் வேண்டும்; ஏற்றிய மின்சாரம் பெரும்பாலும் இரண்டு மணி நேரமே நிற்கும். எழுந்து ஆடுதற்கு இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமுமுள்ள வெற்றிடம் வேண்டும். மூன்று கட்டில் போட்ட விடுதியறையில் அவ்விடத்தை எங்கே தேடுவது? கட்டிலை வெளியே தள்ளினாலன்றி ஆகாது. தள்ளினால் அறைத்தோழர் சும்மா இரார். அன்றியும், அணிந்தவர் ஒருவரே உலகங்காண, அருகிருப்போர் அவர் காற்றை வெட்டுவதைக் காண்பதே மிச்சம்.

இவற்றினும் நாம் பெரிதாகக் கருதுவது வேறொன்று. ஒரு புத்தகத்தை வாங்கினால், அச்சிட்ட கம்பெனி மறைந்தாலும் புத்தகம் நம் அலமாரியில் நிற்கும். மெய்நிகர்க் கண்ணாடியோ, விற்ற கம்பெனியார் மென்பொருளைப் பேணி வரும் வரையிலுமே முழுப் பயன் தரும். நிண்டெண்டோ கம்பெனியார் 1995-ல் வெளியிட்ட வர்ச்சுவல் பாய் என்னும் கருவி சிவப்பு நிறம் ஒன்றிலேயே படங்காட்டி, ஓராண்டு நிறையுமுன் சந்தையினின்றும் நீங்கிற்று. அது பழங்கதை என்பார்க்கு அண்மைக் கதைகளும் உள. 2018-ல் 199 டாலருக்கு வந்த ஆக்குலஸ் கோ 2020-லேயே விற்பனை நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பருக்குப் பின் அதற்குப் புதிய செயலிகள் ஏற்கப்படவில்லை. 2019-ல் 399 டாலருக்கு வந்த முதற் குவெஸ்டுக்கு 2024-ஆம் ஆண்டோடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றன. கூகிள் கம்பெனியார் 2016-ல் தொடங்கிய டேட்ரீம் 2019-ல் கைவிடப்பட்டது. மைக்ரோஸாப்ட் கம்பெனியாரை நம்பிப் பிற கம்பெனிகள் செய்து விற்ற கண்ணாடிகளின் கதை இவற்றினும் இரங்கத் தக்கது: 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பிலிருந்து அவற்றுக்குரிய மென்பொருளையே அக்கம்பெனியார் நீக்கிவிட்டனர். வில்லை மங்கவில்லை, திரை உடையவில்லை. வாங்கினோர் கையில் நல்ல நிலையிலிருந்த பொருளே வலுவிழந்தது. ஸோனியின் 2023-ஆம் ஆண்டுக் கண்ணாடியில், அதன் முன்னோனுக்கென்று மக்கள் 2016 முதல் வாங்கிய ஆட்டங்கள் அப்படியே ஓடா. குவெஸ்ட் 2 வெளிவந்த 2020-ல், பேஸ்புக் கணக்கில்லாதவர் அதனைத் திறத்தலும் கூடாதிருந்தது. 2022-ல் அக்கட்டாயம் மெட்டா கணக்கு என மாறிற்று. தாம் விலைகொடுத்த பொருளின் சாவி பிறர் கையிலிருப்பதை இளைஞர் எளிதாக எண்ணுகின்றனர். நமக்கு அஃது எளிதாகத் தோன்றவில்லை.

உடலைப் பற்றியும் ஒரு சொல். நடக்கின்றோம் என்று கண் உரைக்க, அசையவில்லை என்று உட்செவி உரைப்பதால் சிலர்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. ஓரிடத்தில் நின்றாடும் ஆட்டங்களில் இது குறைவு. மூக்குக் கண்ணாடி அணிவோர் தம் பார்வைக்கேற்ற வில்லைக்குத் தனிச்செலவு நேருமா என்பதை முன்னரே கேட்டறிதல் நலம்.

இக்கருவியை வெறுத்து நாம் எழுதவில்லை. விமானம் ஓட்டப் பயில்வார்க்கும், கட்டடக் கலை கற்போர்க்கும், அறுவை மருத்துவம் பழகுவார்க்கும் இது தக்க துணையாகின்றது. எழுப்பாத கட்டடத்தினுள்ளே நடந்து சென்று படியின் உயரத்தையும் சாளரத்தின் ஒளியையும் ஆராய்தல் காகித வரைபடத்தால் ஆகாத காரியம். இதற்கென மென்பொருள் எழுதப் புகுந்த மாணவரை வாங்காதிரும் என்று தடுப்பது, தச்சன் மகனை உளி வாங்காதே என்று தடுப்பதனோடொக்கும். 2018-ல் வந்த பீட் சேபர் என்னும் ஆட்டத்தில் இசைக்கேற்பக் கைவீசி வியர்ப்போர், அதனை நாள்தோறும் ஆடுவராயின், வீண்செலவு செய்தாரென்று நாம் சொல்லோம். நாள்தோறும் என்னும் சொல்லே இங்கு முக்கியம்.

விலைக்கு வருவோம். ஆப்பிள் கம்பெனியார் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளியிட்ட விஷன் புரோவின் விலை 3,499 டாலர். பார்வைக்கேற்ற வில்லை வேண்டுவோர் மேலும் 149 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. எடையோ, தனியே தொங்கும் மின்கலம் நீங்கலாகவே 600 கிராம். மெட்டா கம்பெனியாரின் குவெஸ்ட் 3 என்பது 2023-ல் 499 டாலருக்கும், குவெஸ்ட் 3எஸ் என்பது 2024-ல் 299 டாலருக்கும் வந்தன. பின்னிரண்டுக்கும் கணக்கிடும் சில்லு ஒன்றே. 3எஸ்ஸின் வில்லைகள் பழைய முறையின. காட்சி சற்றுத் தெளிவு குறைந்தது. அவ்வெளியீட்டு விலைகளின்படி விஷன் புரோ ஒன்றின் விலைக்குப் 3எஸ் பதினொன்று வாங்கியிருக்கலாம். கோபுரம் கட்டப் புகுந்தவன் முன்னமே செலவைக் கணக்கிடாது நகைப்புக்கிடமான உவமையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். மாணவர் எவரேனும் விஷன் புரோவைக் கடனுக்கு வாங்க எண்ணுவாராயின் அவ்வுவமையை அவர்க்கு நினைவூட்டுகின்றோம். துறைத்தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: வகுப்புக்கென ஒரு டஜன் வாங்குமுன், ஒன்றை வாங்கி, எந்தப் பாடத்தை அதனால் மேலாகக் கற்பிக்கின்றோம் என்று ஒரு பருவம் பார்த்தல் வேண்டும்.

இன்னும் மனந்தெளியாத மாணவர் நண்பரிடம் இரவலாகவோ வாடகைக்கோ ஒரு கண்ணாடியை ஒரு மாதம் வைத்திருக்கட்டும். அணிந்த நாள்தோறும் நாட்காட்டியில் ஒரு குறி இடட்டும். முதல் வாரத்துக் குறிகளைக் கணக்கிற் கொள்ள வேண்டா, அவை வியப்புக்குரியவை. நான்காம் வாரத்துக் குறிகளை மாத்திரம் எண்ணிக்கொண்டு நம்மிடம் வரட்டும்; மூன்றாவது இருக்குமாயின், 3எஸ் போதுமா, 3 வேண்டுமா என்பதைப் பற்றி உட்கார்ந்து பேசுவோம்.