பிறப்பா காரணம்?

“குலத்தளவே ஆகுமாம் குணம்!” என்று கூசாமல் கூறுவோர் இன்றும் உளர். பிள்ளை தவறினால் பிறப்பைப் பழிப்பர். பிள்ளை வாடினால் விதியைக் காட்டுவர். அவர்கள் முன் ஒரு சட்ட ஏட்டை விரித்து வைக்கிறோம்.

ஸ்காட்லாந்தில் 2011ஆம் ஆண்டு இயற்றப்பட்டது, குழந்தைகள் விசாரணைச் சட்டம். ஒரு குழந்தையைக் கட்டாயக் கண்காணிப்பில் வைப்பதற்குரிய காரணங்களை அதன் 67ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. பெற்றோரின் பராமரிப்பின்றி உடல்நலமோ வளர்ச்சியோ கெடும் நிலை. குழந்தைக்குக் கொடுமை இழைக்கப்பட்டிருத்தல். குழந்தையே குற்றம் புரிந்திருத்தல். தக்க காரணமின்றிப் பள்ளிக்கு ஒழுங்காக வாராமை. கட்டாயத் திருமணத்திற்கு நெருக்கப்படுதல். இன்னும் இவை போன்றவை.

மேலிருந்து கீழ்வரை தேடிப் பாருங்கள், தோழர்களே! குலம் உண்டா? கோத்திரம் உண்டா? ஏழை வீட்டில் பிறந்தது என்பதேனும் உண்டா? இல்லை! குழந்தைக்கு நேர்ந்தது என்ன, குழந்தை செய்தது என்ன, என்பவையே கேள்விகள்.

திருடிய சிறுவனும் புறக்கணிக்கப்பட்ட சிறுவனும் தேவையில் ஒருவரே என்று 1964இல் அறிக்கை தந்தது கில்பிராண்டன் குழு. அதன் பயனாக 1971 முதல் இருவரையும் ஒரே மன்றம் விசாரிக்கிறது. அமர்வோர் மூவர், பொதுமக்களிலிருந்து வந்தோர். காரணத்தைக் குழந்தையோ பெற்றோரோ மறுத்தால், அது ஷெரிஃப் முன் மெய்ப்பிக்கப்பட வேண்டும். மெய்ப்பித்தாலும் போதாது, ஆணை தேவை என்பதும் புலனாக வேண்டும். மறு ஆய்வின்றி ஓராண்டுக்கு மேல் அந்த ஆணை நீளாது. கண்காணிப்பு என்றால் பிரிப்பு என்பதன்று. குழந்தை தன் வீட்டிலேயே இருக்கவும் கூடும்.

ஸ்காட்லாந்தையும் உள்ளடக்கிய பிரிட்டிஷ் பேரரசு, நம் மண்ணில் எத்தகைய சட்டம் வைத்திருந்தது? 1924ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம்! ‘குற்றப் பரம்பரை’ என முத்திரையிடப்பட்ட மக்களின் பிள்ளைகளை, ஆறு வயதைக் கடந்ததும், பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க அது அரசுக்கு அதிகாரம் தந்தது. பிள்ளை செய்த பிழை என்ன? பிறந்தது! வருணம் வகுத்தோர் வாயால் சொன்னதை, வெள்ளையன் சட்டத்தால் சொன்னான். சென்னை மாகாணத்தில் 1947இலும், இந்தியா முழுவதும் 1952இலும் அச்சட்டம் மாண்டது. அதை ஈன்ற எண்ணம் மாண்டதா?

“பிள்ளை பெற்றவன் உடைமை, அரசுக்கென்ன வேலை?” என்பாரும் உளர். பிள்ளை எவர் உடைமையும் அன்று. அதுவும் ஓர் உயிர், உரிமை உடையது. ஆனால் அரசே, நீ கை நீட்டுமுன் காரணம் காட்டு! அதை மெய்ப்பித்துக் காட்டு!

இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், பராமரிப்பு தேவைப்படும் குழந்தை யார் எனக் கூறுமிடத்தில், வீடும் பிழைப்புக்கு வழியும் இல்லாத குழந்தையையே முதலில் வைக்கிறது. விடுதியில் சேர்ப்பது கடைசி வழி என்றும் அச்சட்டமே சொல்கிறது. அந்தக் கடைசி வழி முதல் வழியாகிவிடாமல் காப்பது யார் கடமை? நம் கடமை! குடிசையில்லாக் குடும்பத்திற்குக் குடிசை கொடு. வேலையற்ற தாய்க்கு வேலை கொடு. வறுமைக்கு மருந்து, பிள்ளையைப் பிரிப்பதன்று.

காரணம் பிறப்பென்றால் அது சட்டமன்று, சாத்திரம். சாத்திரத்தை எதிர்த்துச் சமர் புரிந்த இளைஞர்களே, சட்டத்தையும் வரிவரியாகப் படியுங்கள்!