கொழுப்பு யாருக்கு? குழி யாருக்கு?

சாப்பிட்டு முடித்தால் கை கழுவுகிறோம். தமிழில் கை கழுவுவதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: எனக்கும் இதுக்கும் இனி சம்பந்தமில்லை என்று விட்டுவிடுவது. ஓட்டல் முதலாளி, கல்யாண மண்டபக்காரர், விடுதி நடத்துகிறவர், அவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கிற நகராட்சி எல்லோரும் இந்த ரெண்டு அர்த்தத்திலும் கை கழுவுகிறார்கள். அந்தத் தண்ணி எங்கே போகுது, போய் என்ன ஆகுது, அதை எவன் வாருகிறான்? கேட்க நாதியில்லை. நாம் கேட்போம்.

எங்கள் மாவட்டம் எண்ணெய்க்குப் பேர் போனது. விருதுநகர் எண்ணெய் வியாபாரம் ஊரறிஞ்ச சங்கதி. அங்கே பரோட்டாவைக் கல்லில் சுட்டதோடு விடமாட்டார்கள், எண்ணெயில் போட்டுப் பொரித்து எடுப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. தின்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. கான்சாபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் கூலி வேலைக்கும் ராஜபாளையம் வருகிறவனும் ரெண்டு பரோட்டா தின்னுட்டுத்தான் பஸ் ஏறுகிறான். பிரச்சினை தின்ற பண்டம் அல்ல. சட்டி கழுவின தண்ணி.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். 'இது இஞ்சினியர் சமாச்சாரம், நமக்கெதுக்கு' என்று தள்ளிவிடக் கூடாது. சாதி பத்திரமாக ஒளிந்திருக்கிற இடமே இந்த இஞ்சினியர் சமாச்சாரம்தான்.

வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவும்போது எண்ணெய் கரைந்து போவது மாதிரித் தெரியும். கரையாது. சிதறிப் போகும், அவ்வளவுதான். குழாயில் கொஞ்ச தூரம் போய் ஆறியதும் திரும்ப ஒன்றுசேர்ந்து சுவரில் ஒட்டும். எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலம் சிமெண்ட்டிலும் தண்ணியிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கட்டிச் சோப்பு மாதிரி இறுகும். அதில் முடி, துணி, பிளாஸ்டிக், சோற்றுப் பருக்கை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். நாளாக நாளாகக் குழாயின் வாய் சுருங்கும். மாரடைப்பு வருகிறவனின் ரத்தக் குழாய் அடைபடுவதாகச் சொல்வார்களே, அதே கதைதான். ஆனால் இங்கே அடைப்பு ஒருத்தனுடையது, நெஞ்சு நிற்பது இன்னொருத்தனுக்கு.

எப்படி? அடைப்புக்குப் பின்னால் சாக்கடை தேங்குகிறது. தேங்கின கழிவில் பிராணவாயு தீர்ந்துபோகிறது. பிராணவாயு இல்லாத இடத்தில் வாழும் கிருமிகள் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயுவை உண்டாக்குகின்றன. அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் அடிக்கிற வரைக்கும் தப்பிக்க வழி உண்டு. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு ஏறினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று மனுசன் நினைப்பான். 500, 700 பங்கானால் நினைவு தப்பும். 1000-ஐ நெருங்கினால் ரெண்டு மூச்சு போதும். இதில் இன்னொரு கொடுமை: வாயு பாதியளவு கசடுக்கு அடியில் அடைபட்டுக் கிடக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூங்கில் பிளாச்சால் குத்தி அடைப்பை உடைக்கிற அந்த நிமிசம்தான் அது வெளியே பாயும். வேலையை முடிக்கிற நிமிசமே ஆளை முடிக்கிற நிமிசம்.

'சட்டம் இருக்கே' என்பார்கள். இருக்கிறது. 1993-இல் ஒன்று, 2013-இல் ஒன்று. 2013 சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்கினால் முதல் குற்றத்துக்கே ரெண்டு ஆண்டு வரை சிறை, ரெண்டு லட்சம் வரை அபராதம். உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், சாக்கடையில் செத்தவரின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குப்படியே 1993-க்குப் பிறகு இந்தச் சாவில் தமிழ்நாடுதான் முதலிடம். இருநூறு உயிர்களைத் தாண்டிவிட்டது. சமூக நீதி மண் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்களே, அந்த மண்ணுக்கு அடியில்தான் இத்தனை பேர்.

சட்டத்தில் ஓட்டை எங்கே? அந்தச் சட்டத்தின் விதிகளைப் படித்துப் பாருங்கள். எந்திரத்தால் முடியாதபோது, இறங்கியே தீரவேண்டும் என்கிற நிலையில், உள்ளாட்சி அதிகாரி எழுத்து மூலம் அனுமதி தந்தால், பாதுகாப்பு உடுப்போடு ஆளை இறக்கலாம். ஆக எல்லாச் சங்கதியும் 'இறங்கியே தீரவேண்டும்' என்பதில் வந்து நிற்கிறது. தண்ணியும் மலமும் மட்டும் போகிற குழாயை ஜெட்ராடிங் வண்டி பீய்ச்சியடித்தே சுத்தம் பண்ணிவிடும். கல்லாக இறுகின கொழுப்பில்தான் அது திணறும். குழாயில் ஒரு துளை போட்டுவிட்டுப் போகும், சுவரில் ஒட்டினது அப்படியே நிற்கும், கொஞ்ச நாளில் திரும்ப அடைக்கும். அப்புறம் மேஸ்திரி சொல்வார், "எறங்கித்தான்டா பாக்கணும்." அனுமதிக் கடிதமா? உடுப்பா? கடிதம் எழுதுகிற நேரத்தில் ஒரு குவார்ட்டர் வாங்கிக் கொடுத்து இறக்கிவிடலாமே!

நான் சொல்ல வந்தது இதுதான். தவிர்க்க முடியாத நிலை என்று ஒன்று தானாக வருவதில்லை. அதைத் தினமும் சமைக்கிறார்கள். ஒவ்வொரு சட்டியாகக் கழுவி, ஒவ்வொரு குடமாக ஊற்றி, நகராட்சி பார்த்துக்கொண்டிருக்கவே உண்டாக்குகிறார்கள். சாவு குழியில் நடக்கிறது. அதற்கான ஏற்பாடு சமையல்கட்டிலேயே முடிந்துவிடுகிறது.

2016 ஜனவரியில் சென்னை துரைப்பாக்கத்தில் ஓர் உணவகத்தின் கழிவுநீர்த் தொட்டியில் நான்கு பேர் செத்தார்கள். 2019 நவம்பரில் ராயப்பேட்டை வணிக வளாகம் ஒன்றின் தொட்டியில், அண்ணன் தம்பியில் ஒருவரைக் காப்பாற்றப் போன இன்னொருவர் செத்தார். 2022 ஏப்ரலில் நம் பக்கத்து மதுரையில், பழங்காநத்தம் கழிவுநீரேற்றுக் கிணற்றில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூவர். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சொகுசு விடுதித் தொட்டியில் மூவர். எல்லாச் சாவுக்கும் எண்ணெய்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இடங்களைப் பாருங்கள் என்கிறேன். உணவகம், வணிக வளாகம், விடுதி. தின்று தீர்க்கிற இடங்கள். அங்கே மேசை துடைக்க ஆள் உண்டு, கை துடைக்கக் காகிதம் உண்டு. தொட்டிக்கு மட்டும் எந்திரம் கிடையாது.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. ராக்கெட் விடுகிற வித்தை அல்ல. எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி, ஓட்டல்காரர் பாஷையில் கிரீஸ் டிராப். சமையல்கட்டுத் தண்ணி சாக்கடையில் சேருமுன் ரெண்டு மூன்று தடுப்பு உள்ள ஒரு தொட்டியில் மெதுவாகப் போகணும். மெதுவாகப் போனால் எண்ணெய் மேலே மிதக்கும், பருக்கை அடியில் படியும், நடுவில் உள்ள தண்ணி மட்டும் வெளியே போகும். தொட்டியில் கால் பங்கு கசடு சேருமுன் எடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான். இந்தியக் கட்டட விதித் தொகுப்பு எப்போதோ இதைச் சொல்லிவிட்டது. செங்கல்லும் சிமெண்ட்டும் ரெண்டு நாள் கொத்தனார் வேலையும். ஒரு உயிரின் விலையை முப்பது லட்சம் என்று ஏற்றுகிற நாட்டில், அந்த உயிரைக் காக்கிற தொட்டியைக் கட்ட மட்டும் காசில்லை.

இங்கே ஒரு நியாயத்தைக் கவனியுங்கள். பொரித்து மிஞ்சின எண்ணெயை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லிருந்து கட்டுப்படுத்துகிறது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்குகிற கடை, 2019 மார்ச் முதல் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்றவரிடம் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். அதில் பயோடீசல் செய்கிறார்கள். விலை இருக்கிறது, அதனால் வாங்க வண்டி வருகிறது. தட்டிலும் சட்டியிலும் ஒட்டிக் கழுவிப்போகிற கொழுப்புக்கு விலையில்லை. விலையுள்ள எண்ணெய்க்குக் கம்பெனி, விலையில்லாத எண்ணெய்க்குச் சேரி! 1936-இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' எழுதினார். வேலையைப் பிரிப்பதாகச் சொல்லிக்கொண்டு மனிதர்களை மேலும் கீழுமாக அடுக்குவதுதான் சாதி என்று அதில் தோலுரித்தார். அந்த அடுக்கை இன்று ஓட்டலின் பின்வாசலில் நின்றே பார்க்கலாம்.

வெளிநாட்டில் சாக்கடையே அடைக்காதா? அடைக்கும். 2017-இல் லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளம், 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறை கிடந்தது. அங்கேயும் ஆட்கள் இறங்கித்தான் வாரக்கணக்கில் உடைத்தார்கள், உடல் முழுக்க மூடின உடுப்போடு. உடைத்த துண்டை மறு ஆண்டு அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். சனங்கள் வரிசையில் நின்று, நாம் ஊற்றினதுதானா இது என்று பார்த்தார்கள். ஊற்றினவனுக்கு வெட்கம் வரவேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. நம் நாட்டில் ஊற்றினவனுக்கு வெட்கமில்லை. வாருகிறவன்தான் வெட்கப்பட்டுத் தெருவோரம் ஒதுங்கி நடக்க வேண்டியிருக்கிறது.

'எந்திர மனிதனே வந்தாச்சே' என்று ஒருவர் கேட்பார். கேரளத்தில் உருவான பேண்டிகூட் எந்திரத்தைக் கும்பகோணம் நகராட்சி வாங்கினது. நல்லதுதான், எல்லா ஊருக்கும் வரட்டும். எந்திரம் வருவதும் ஊற்றுவது நிற்பதும் ஒன்றல்ல. குழாயைக் கொழுப்பால் நிரப்பிக்கொண்டே எந்திரம் வாங்கினால், அது மக்கர் பண்ணின மறுநாள் யாரைக் கூப்பிடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

'குடிச்சிட்டு எறங்குறாங்க, அதான் சாகுறாங்க' என்று இன்னொருவர் சொல்வார். அய்யா, குடிக்காமல் அதில் இறங்க முடியுமா என்று ஒருமுறை மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு வந்து பேசுங்கள்.

நமக்குள்ளும் ஒரு வார்த்தை. சாவு விழுந்தால் ஓடுகிறோம், மறியல் பண்ணுகிறோம், இழப்பீடு வாங்கித் தருகிறோம். அது நம் கடமை. ஆனால் பிணத்துக்கு முந்தின நாள் நாம் எங்கே இருக்கிறோம்? தென்மாவட்டத்தில் இந்தக் குழியில் பெரும்பாலும் இறக்கப்படுவது அருந்ததியர். தலித் ஒற்றுமை பேசுகிற மற்ற நாம், 'அது அவங்க பிரச்சினை' என்று மனசுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோமா இல்லையா? அந்தக் கோடும் சாதிதான். அதை அழிக்காமல் ஆதிக்க சாதிக்காரனின் கோட்டை அழிக்க நமக்கு என்ன யோக்கியதை?

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் பெற்ற நகரங்களில் ராஜபாளையமும் ஒன்று. தெருத்தெருவாகத் தோண்டிப் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்தார்கள். புதுக் குழாய். அதில் இன்னும் கொழுப்பு இறுகவில்லை. சென்னைக்கும் மதுரைக்கும் கிடைக்காத வாய்ப்பு இது: முதல் நாளிலிருந்தே கேட்கலாம். இணைப்புக் கொடுத்து, அடைத்து, ஆளை இறக்கி, ஆள் செத்த பிறகு கேட்பதில் என்ன இருக்கிறது?

கேட்க வேண்டியவை இவை. எண்ணெய்ப் பிடிப்புத் தொட்டி கட்டாத ஓட்டல், மண்டபம், பலகாரக் கடை, மில் விடுதி எதற்கும் சாக்கடை இணைப்பு கூடாது, லைசென்ஸ் புதுப்பிப்பும் கூடாது. அந்தத் தொட்டியை உறிஞ்சு லாரிதான் எடுக்க வேண்டும். வாளியும் கையும் கொண்டு அதையும் நம் ஆட்கள் தலையில் கட்டினால், குழிக்குப் பதில் தொட்டி என்று பேர்தான் மாறும். எடுத்த தேதி கடை வாசலில் எழுதித் தொங்க வேண்டும். அடைப்பு எந்தக் கடையால் வந்ததோ அந்தக் கடையிடம் செலவை வசூலிக்க வேண்டும். 2022-இல் அரசாணை 152 போட்டு மாநகராட்சி வேலைகளை ஒப்பந்தத்துக்கு விட வழி செய்தார்கள். ஒப்பந்தக்காரர் ஆளை இறக்கினால் ஆணையரும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும்.

மாணவத் தோழர்களே, இதற்குப் பெரிய கூட்டம் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய்க் கட்டணம். உங்கள் நகராட்சியில் லைசென்ஸ் உள்ள உணவகம் எத்தனை? பிடிப்புத் தொட்டி உள்ளது எத்தனை? கடைசியாக ஆய்வு செய்த தேதி என்ன? அடைப்பு எடுத்த பதிவேடு எங்கே? ராஜபாளையத்துக்கு ஒன்று, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்று போடுங்கள். வருகிற பதிலைத் துண்டறிக்கையாக அடித்து, அந்தந்தக் கடை வாசலில் நின்று கொடுங்கள். பதிலே வராவிட்டால், வரவில்லை என்று அடித்துக் கொடுங்கள்.

இனி எவனாவது 'எறங்கிப் பாரு' என்று சொன்னால், நாம் இறங்கிப் பார்க்க வேண்டியது அவர்களுடைய சமையல்கட்டில்.